முகக் கிரீமில் பாதரசச் சந்தேகமா? முதல் இரவிலிருந்து செய்ய வேண்டியவை, வரிசைப்படி

என் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு கிரீம் பூச ஆரம்பித்தாள். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது மாதம் கால் வீங்கியது, சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ் வந்தது. "என்னம்மா மருந்து சாப்பிடுறே?" என்று மருத்துவர் கேட்டார். "எதுவும் இல்ல டாக்டர்" என்றாள். அவள் எதையும் மறைக்கவில்லை. கிரீமை மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. காரணம் அந்தக் கிரீம்தான் என்று தெரிய ஐந்து வாரம் ஆனது. அதற்குள் டப்பா குப்பை வண்டியில் போய்விட்டது.

அதன் பிறகு உறவிலும் தெருவிலும் ஏழெட்டு வீடுகளுக்குக் கூட இருந்து இதைச் செய்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்கிறார்கள், வைத்திருக்க வேண்டியதை எறிந்துவிடுகிறார்கள். நான் மருத்துவர் இல்லை. சிகிச்சையை முடிவு செய்வது அவர்கள் வேலை. அவர்களிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் பைகள் ஏழெட்டு, பெரிய குப்பைப் பைகள், ஒருமுறை போட்டு எறியும் கையுறை, ஒரு நோட்டு, படம் எடுக்க ஃபோன். கிரீம் வாங்கிய பில் அல்லது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும் தேடி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது வாங்கியதற்கு அதுதான் ஆதாரம்.

1. அன்றிரவே நிறுத்துங்கள், ஆனால் முகம் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு நிறுத்துங்கள்

பாதரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தேவையில்லை. இன்றோடு நிறுத்தலாம். முகத்தையும் கையையும் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகக்கண்களை மறக்காதீர்கள். பிளீச், எலுமிச்சை, ஸ்கிரப் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த தோலை அவை இன்னும் புண்ணாக்கும்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றில் பாதரசத்தோடு அல்லது பாதரசத்துக்குப் பதிலாக ஸ்டீராய்டு இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் இந்த வகை. நிறுத்திய சில நாளில் முகம் சிவக்கும், எரியும், பருக்கள் கொப்பளிக்கும். உடனே "பார்த்தியா, கிரீம் போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று வீட்டில் ஒருவர் சொல்வார், மறுபடி டப்பா திறக்கும். இந்தச் சிவப்பு, கிரீம் நல்லது என்பதற்கான சான்று இல்லை. தோல் ஸ்டீராய்டுக்குப் பழகிவிட்டதன் அடையாளம். அதனால் நிறுத்திய அதே வாரத்தில் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டை எப்படி விலக்குவது என்று அவர் சொல்வார்.

நிறமும் திரும்பி வரும். மெலனின் உண்டாக ஒரு நொதி வேலை செய்கிறது, அதற்குச் செம்பு தேவை. அந்த வேலையைப் பாதரசம் முடக்கிவிடுவதால்தான் முகம் அவ்வளவு வேகமாக வெளுக்கிறது. முடக்கம் விலகினால் பழைய நிறம் வரும், சிலருக்கு முன்பைவிடக் கருமையாகவும் வரும். பூசியவரிடம் இதை முன்கூட்டியே, அன்பாகச் சொல்லுங்கள். தெரிந்திருந்தால் பயந்து திரும்பமாட்டார்.

படுப்பதற்கு முன் இன்னொரு வேலை: தலையணை உறையையும் முகம் துடைக்கும் துண்டையும் கழற்றித் தனிப் பையில் கட்டி வையுங்கள். கைக்குழந்தை அதே தலையணையில் படுத்தால் அன்றிரவே இடத்தை மாற்றுங்கள்.

2. டப்பாவை எறியாதீர்கள்

மூடியை இறுக்கி ஒரு ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பையில் போடுங்கள். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், மூடாத டப்பா இருக்கும் அறையின் காற்றிலும் அது கலந்துகொண்டே இருக்கும். குழந்தைகள் கை எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம்.

பையில் போடுமுன் டப்பாவின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். அடிப்பாகம், மூடியின் உள்பக்கம், அட்டைப்பெட்டி, உள்ளே மடித்த காகிதம் எல்லாம். எழுத்து வாசிக்கும்படி கிட்டத்தில் எடுக்க வேண்டும். டப்பா தீர்ந்திருந்தாலும் எறியாதீர்கள், ஓரத்தில் ஒட்டியிருப்பதே பரிசோதனைக்குப் போதுமானதாக இருக்கலாம்.

3. லேபிளைப் படியுங்கள்

இரண்டு விஷயங்களைத் தேடுகிறோம்: என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை.

எழுதியிருந்தால் பாதரசம் இந்தப் பெயர்களில் வரும்: மெர்குரி, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்குரி, மெர்குரி அமிடோகுளோரைடு, சின்னபார். மெர்குரியோ, ஹைட்ரார்ஜிரம் என்று வேற்று மொழியிலும் இருக்கும். இவற்றில் சில நம்மூர் நாட்டு மருந்துக் கடைக்குப் பழக்கமானவைதான். கலோமெல் என்பது பூரம், மெர்குரிக் குளோரைடு என்பது வீரம், சின்னபார் என்பது சாதிலிங்கம். "மூலிகை, சித்தர் முறை" என்று சொல்லி விற்கும் களிம்பில் இந்தப் பெயர்கள் இருந்தாலும் அது பாதரசம்தான்.

நேரடியாக எழுதாத லேபிளும் சில இடங்களில் காட்டிக்கொடுக்கும். "தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் பார்த்துக்கொள்ளவும்", "நகையைக் கழற்றிவிட்டுப் பூசவும்" என்று ஒரு முகக் கிரீமில் எதற்கு எழுத வேண்டும்? பாதரசம் இந்த உலோகங்களோடு ஒட்டிக்கொள்ளும், தங்கம் வெளுத்துப்போகும். நகைப் பட்டறைக்காரரைக் கேட்டால் சொல்வார். வெயிலும் வெளிச்சமும் படக்கூடாது என்ற எச்சரிக்கையும் சந்தேகத்தைக் கூட்டும். கிரீம் லேசாகச் சாம்பல் அல்லது பச்சை நிறத்தில் இருந்தாலும், காற்றுப் பட்டுக் கறுத்தாலும் அப்படியே.

இனி எழுதாதவை. இந்தியாவில் முறையாகத் தயாரித்த அழகுப் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதி, தயாரிப்பு உரிம எண் இருக்கும். உரிம எண்ணுக்கு முன் 'எம்.எல்.' அல்லது 'லைசென்ஸ் நம்பர்' என்று போட்டிருக்கும். வெளிநாட்டில் செய்து முறையாக வந்ததில் இறக்குமதியாளரின் இந்திய முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத வெளிநாட்டு டப்பா யார் கண்ணிலும் படாமல் உள்ளே வந்தது என்று அர்த்தம். எந்த லேபிளும் இல்லாமல் பார்லரில் கலந்து சின்ன டப்பாவில் கொடுப்பதையும் இதே பட்டியலில் சேருங்கள்.

பொருட்கள் பட்டியலில் பாதரசம் இல்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். சட்டத்தை மீறிச் சேர்ப்பவர் அதை எழுதி ஒட்டமாட்டார்.

வீட்டுச் சோதனைகள் பற்றியும் ஒரு வார்த்தை. தங்க மோதிரத்தைத் தேய்த்துக் கறுத்தால் ஈயம், மஞ்சள் தூள் கலந்து நிறம் மாறினால் பாதரசம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. மோதிரம் எந்த மெழுகுப் பொருளின் மேலும் கோடு போடும். மஞ்சள் நிறம் மாறுவது காரத்தன்மையால். இவற்றை நம்பி "எங்க டப்பா பாஸ்" என்று சொன்ன ஒரு வீட்டில் இரண்டு மாதம் வீணாகப் போனது.

4. பூசியவர்கள் யார், பூசாமல் தொட்டவர்கள் யார் என்று எழுதுங்கள்

நோட்டில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் எழுதுங்கள். பூசியவர் பக்கத்தில் எப்போது தொடங்கினார், ஒரு நாளுக்கு எத்தனை முறை, முகம் மட்டுமா கை கழுத்துமா, எத்தனை டப்பா முடிந்தது என்பவை வேண்டும். மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவல் இது.

கேட்கும் விதம் முக்கியம். "ஃபேர்னஸ் கிரீம் பூசறியா?" என்றால் வெட்கப்பட்டு இல்லை என்பார்கள், ஆண்கள் இன்னும் வேகமாக. "முகத்துல என்னென்ன போடறே, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து மேசை மேல வை" என்று சொல்லுங்கள். டப்பா தானாக வரும். லேகியம், செந்தூரம், பற்பம் என்று உள்ளே சாப்பிடுவதையும் எழுதுங்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவகைச் சிறுநீரக நோய்க்கு நாட்டு மருந்துகளோடு தொடர்பு இருப்பதைக் காட்டியது. கிரீமால் வருவதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே வகை நோய்தான்.

பூசாதவர்களை ஏன் எழுத வேண்டும்? 2010-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் இப்படிப்பட்ட கிரீம் இருந்த வீடுகளைச் சோதித்தபோது, அதைத் தொடவே தொடாதவர்கள் உடலிலும், குழந்தைகள் உடலிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. தாயின் கன்னத்தில் குழந்தை முத்தம் கொடுக்கிறது, அதே துண்டில் முகம் துடைக்கிறது. கர்ப்பிணி இருந்தால் அவர் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள், பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டும். பால் கொடுப்பவர் கிரீமை நிறுத்த வேண்டும், பாலை நிறுத்துவதா என்பதைத் தானாக முடிவு செய்யாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

5. முதலில் புரதம், பிறகு பாதரசம்

எல்லோரும் நேராகப் "பாதரச டெஸ்ட்" தேடி ஓடுகிறார்கள். அது எல்லா ஊரிலும் செய்வதில்லை, மாதிரியைப் பெரிய நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், முடிவு வர நாளாகும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பதை எந்தச் சின்ன ஊரிலும் அன்றே பார்த்துவிடலாம். உடனடி ஆபத்து சிறுநீரகத்துக்குத்தான் என்பதால் அதை முதலில் பாருங்கள். கூடவே ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப் பொருள்), அல்புமின் (ரத்தப் புரதம்).

கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 (NELL-1) என்ற புரதத்தோடு தொடர்புள்ள அரிதான வகை. அந்த 15-இல் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். இந்த நோயில் சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் வெளியே போகிறது. அதனால்தான் சிறுநீர் நுரைக்கிறது, கண் இமையும் காலும் வீங்குகின்றன. கேரளத்தில் 2023-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் அழகுப் பொருள் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது.

வீக்கம், நுரை, மூச்சுத்திணறல் ஏற்கெனவே இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அன்றே சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மறதி, விரல் மரத்துப்போவது நரம்பு பாதித்ததன் அடையாளமாக இருக்கலாம். குழந்தைக்கு உள்ளங்கை, பாதம் சிவந்து தோல் உரிவது, கால் வலி, அதிக வியர்வை, உயர் ரத்த அழுத்தம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கிரீம் விஷயத்தை வாசலிலேயே சொல்லுங்கள். அவராக யூகிப்பது கடினம்.

அடுத்தது பாதரச அளவு. கிரீமில் பெரும்பாலும் இருப்பது கனிமப் பாதரசம் (பாதரச உப்பு), அதைச் சிறுநீரில் பார்ப்பதே சரி. ரத்தத்தில் மட்டும் பார்த்தால் மீனில் இருந்து வரும் பாதரசமும் சேர்ந்து குழப்பும். ஆனால் நரம்புத் தொந்தரவு இருந்தால் ரத்தமும் வேண்டும். 2019-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 47 வயதுப் பெண் ஒருவர் பூசிய கிரீமில் கரிமப் பாதரசம் (கார்பனோடு சேர்ந்தது, நரம்பைத் தாக்குவது) கலந்திருந்தது. அவருடைய ரத்தத்தில் லிட்டருக்கு 2,620 மைக்ரோகிராம். சிறுநீரில் 110 மட்டுமே. சிறுநீரை மட்டும் பார்த்திருந்தால் நிலைமையின் தீவிரம் தெரிந்திருக்காது. இரண்டில் எது, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாதிரி கொடுப்பதில் நடக்கும் தவறுகள்: ஆய்வகம் தரும் டப்பாவை விட்டுவிட்டு வீட்டுப் பாட்டிலில் பிடிப்பது, கிரீம் பட்ட கையோடு பிடிப்பது, கிரியாட்டினின் சேர்த்துப் பார்க்கச் சொல்ல மறப்பது. கடைசியானது ஏன் என்றால், நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்து எண் குறைந்து தெரியும், கிரியாட்டினினோடு ஒப்பிட்டால் அந்தக் குறை சரியாகும். சிலர் பாதரசத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன் பிறகு சிறுநீரைச் சோதிப்பார்கள். அந்த எண் யாருக்கும் கூடித்தான் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "உடம்பைச் சுத்தம் பண்ற பொடி" எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

முடிவைப் படிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். கிரீமை நிறுத்திய சுமார் இரண்டு மாதத்தில் உடலில் உள்ள பாதரசம் பாதியாகும். நிறுத்தி ஆறு மாதம் கழித்துச் சோதித்து எண் இயல்பாக வந்தால், பூசிய காலத்தில் உடலில் பாதரசம் இல்லை என்று ஆகிவிடாது.

6. வீட்டைச் சுத்தம் செய்யுங்கள்

சன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பிவிட்டுக் கையுறையோடு தொடங்குங்கள். கிரீம் பட்ட தலையணை, உறை, துண்டு, சோப்பு, பஞ்சு, மேக்கப் பிரஷ் எல்லாம் குப்பைப் பைக்குப் போக வேண்டும். "நல்ல துண்டாச்சே" என்று வாஷிங் மெஷினில் போடாதீர்கள். துணியில் முழுதாகப் போகாது, மெஷினில் ஒட்டி அடுத்த துணிக்கும் வரும்.

அலமாரி, குளியலறைத் தட்டு, கதவுக் கைப்பிடி, ஃபோன் உறை ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பைக்குள் போடுங்கள். வாக்குவம் கிளீனர் கூடாது, அது பாதரசத்தைக் காற்றில் பரப்பும். எரிக்கவே கூடாது, எரித்தால் தெருவே மூச்சில் இழுக்கும்.

பைகளை இரட்டையாகக் கட்டி "பாதரசம், அபாயம்" என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் வாயால் சொல்லித் தனியாகக் கொடுங்கள். பல்பு, பேட்டரி போல வீட்டு அபாயக் கழிவாக இதைப் பிரித்தெடுப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. சொல்லாமல் கொடுத்தால் அவர் வெறுங்கையால் கிளறுவார்.

7. டப்பாவைச் சோதிக்கக் கொடுங்கள், புகார் எழுதுங்கள்

இந்திய விதிப்படி கண் பகுதிக்கான அழகுப் பொருள் தவிர மற்றவற்றில், தவிர்க்க முடியாமல் கலந்ததாகக்கூட 1 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் பாதரசம் இருக்கக் கூடாது. 30 கிராம் டப்பாவில் அது 0.03 மில்லிகிராம். சாக்ரமெண்டோ கிரீமில் 12,000 பி.பி.எம். இருந்தது. அதே 30 கிராமுக்கு 360 மில்லிகிராம். இப்படி இரண்டு மூன்று டப்பா சேர்ந்தால் பழைய காய்ச்சல் தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசத்தின் அளவு வந்துவிடும்.

தனியார் ஆய்வகத்துக்குப் போனால் 'என்.ஏ.பி.எல்.' (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, பாதரசத்தை 1 பி.பி.எம்-க்குக் கீழேயும் அளக்க முடியுமா என்று கேளுங்கள். "ஹெவி மெட்டல்ஸ்" என்று மட்டும் சொன்னால் ஈயமும் காட்மியமும் பார்த்துவிட்டுப் பாதரசத்தை விட்டுவிடும் தொகுப்புகள் உண்டு. பெயர் சொல்லி "மொத்தப் பாதரசம்" என்று எழுதிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்க்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, தான் வாங்கிய அழகுப் பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கவும், அறிக்கை பெறவும் எந்தக் குடிமகனுக்கும் உரிமை இருக்கிறது. பில்லைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். திறக்காத இன்னொரு டப்பா அதே பேட்சில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த டப்பாவில் "நீங்களே எதையோ கலந்திருப்பீர்கள்" என்று விற்றவர் சொல்ல இடம் உண்டு.

புகாரை உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம். படங்கள், பில், மருத்துவ அறிக்கை நகல்கள் சேரட்டும், அசல்களைக் கொடுக்காதீர்கள். விற்றவரிடம் முதலில் போய்ச் சண்டை போட வேண்டாம். மறுநாள் கடையில் அந்த டப்பா ஒன்றுகூட இருக்காது, ஆய்வாளர் வந்தாலும் எடுக்க எதுவும் கிடைக்காது.

8. மறுபரிசோதனை

புரதம் இருந்தவர்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்று மருத்துவர் சொல்வார். அந்தத் தேதிகளை நோட்டில் அப்போதே எழுதிவிடுங்கள். கிரீமை நிறுத்தியதும் பலருக்குப் புரதம் மெல்லக் குறைகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். பாதரச எண் இறங்கிய பிறகும் புரதம் போய்க்கொண்டிருக்கலாம். "பாதரசம் நார்மல்" என்ற தாளைப் பார்த்து மருந்தை நிறுத்திய ஒருவருக்கு மறுபடி கால் வீங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இடையில் முகத்துக்கு வேறு கிரீம் கேட்பார்கள். தோல் மருத்துவர் எழுதிய சன்ஸ்கிரீனும் சாதாரண மாய்ஸ்சரைசரும் போதும். புதிதாக எது வாங்கினாலும் மூன்றாவது படியில் சொன்ன உரிம எண்ணைக் கடையிலேயே நின்று பாருங்கள்.

என் சித்தி மகளுக்குச் சிறுநீரில் புரதம் நிற்கப் பதினொரு மாதம் ஆனது. கல்யாணம் தள்ளிப்போய், பிறகு நடந்தது. அவள் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனைக்குப் போகிறாள், அந்த நோட்டை நான்தான் வைத்திருக்கிறேன்.